அலாஸ்காவில் குட்டி விமானமேறி வேட்டைக்குப் போகிறீர்களா? கூடாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலாஸ்காவின் பெரும்பகுதிக்குச் சாலையே கிடையாது. மூஸ் என்னும் பெரிய மான், கரிபூ என்னும் துருவ மான், டால் என்னும் மலைச் செம்மறி ஆடு என்று வேட்டைக்குப் போகிறவர்களில் பலர் ஒரு சிறிய விமானத்தில் ஏறி, பெயர் தெரியாத ஏரியிலோ ஆற்றோரச் சரளைத் திட்டிலோ இறங்கிக்கொள்வார்கள். ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து விமானி திரும்பி வரும்வரை கையில் கொண்டுபோனதுதான் வீடு, சமையலறை, எல்லாம். அந்த வீட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

விமானத்தில் எவ்வளவு எடை ஏற்ற விடுவார்கள்?

விமானத்தைப் பொறுத்தது. பைப்பர் சூப்பர் கப் என்பது 1949இல் வந்த இரண்டு இருக்கை விமானம். விமானிக்குப் பின்னால் ஒரே ஒரு ஆள்தான் உட்காரலாம். பெரிய பலூன் டயர்களோடு, மற்ற விமானங்கள் நினைத்தும் பார்க்காத மேடுபள்ளத்தில் இறங்கும். ஆனால் ஆளுக்கு 50 பவுண்டு, சில இடங்களில் 60 அல்லது 70 பவுண்டு சாமான்தான் அனுமதி. 50 பவுண்டு என்றால் சுமார் 23 கிலோ. துப்பாக்கி, சாப்பாடு, ஸ்லீப்பிங் பேக், கூடாரம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

டி ஹாவிலாண்ட் பீவர் வேறு ரகம். 1947இல் முதலில் பறந்த இந்த விமானம் இன்றும் மிதவைகளோடு அலாஸ்கா ஏரிகளில் இறங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு மூன்று பேர் சாமானோடு தாராளமாகப் போகலாம். செஸ்னா 185, 206 இரண்டும் நடுவில் வரும்.

கிளம்பும் இடத்தில் தராசு இருக்கும். சாமானை மட்டுமல்ல, பூட்ஸும் கோட்டும் போட்டபடி உங்களையும் நிறுத்துப் பார்ப்பார்கள். வரம்பைத் தாண்டினால் அங்கேயே பையைப் பிரித்து எதையாவது எடுத்து வைக்க வேண்டியதுதான். அதனால் கூடாரம் வாங்கும் முன் ஏர் டாக்ஸி நிறுவனத்திடம், அதாவது உங்களைக் கொண்டுபோய் இறக்கும் குட்டி விமான நிறுவனத்திடம், இரண்டு கேள்வி கேளுங்கள்: என்ன விமானம், ஆளுக்கு எத்தனை பவுண்டு? கூடவே, பைகள் எல்லாம் மெத்தென்று மடங்குகிற துணிப்பைகளாக இருக்கட்டும். சூப்பர் கப்பின் பின்பக்கச் சந்துகளில் கெட்டிப் பெட்டி எதுவும் நுழையாது.

அப்படியானால் கடையில் இருப்பதிலேயே எடை குறைந்த கூடாரத்தை வாங்கிவிட்டால் முடிந்ததா?

இல்லை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நீண்ட தூரம் நடப்பவர்களுக்காகச் செய்த ஒரு கிலோவுக்கும் குறைவான கூடாரங்கள் கோடைக்கால மலைப்பாதைக்கு அருமையானவை. பிடிக்கவில்லையென்றால் மறுநாள் இறங்கி ஊருக்குப் போய்விடலாம். தூந்திராவில் போவதற்கு ஊர் இல்லை. மேகம் தரையோடு தரையாக இறங்கிவிட்டால் விமானம் வராது. அந்த நாட்களில் கூடாரம் என்பது தூங்கும் இடம் மட்டுமல்ல. ஈர உடையோடு உள்ளே வந்து, மாற்றி, சூடேற்றி, மூன்று நாள் உட்கார்ந்திருக்கும் இடம்.

என் கணக்கு இது: விமானம் விதிக்கும் மொத்த எடையில் கூடாரத்துக்கு ஆளுக்கு ஒன்றரை கிலோ முதல் இரண்டு கிலோ வரை ஒதுக்குங்கள். இருவர் சேர்ந்து போனால் மூன்று நான்கு கிலோவில் புயலைத் தாங்கும் நல்ல கூடாரம் கிடைத்துவிடும். மிச்சப்படுத்த வேண்டுமா? மாற்று உடைகளில் குறையுங்கள், இரண்டாவது கத்தி, மூன்றாவது டார்ச்சு, மடக்கு நாற்காலி என்று கழியுங்கள். கூடாரத்தில் 400 கிராம் குறைத்துவிட்டு, பையில் ஒரு கிலோ தேவையில்லாத துணியை அடைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம்.

டால் செம்மறி வேட்டை மட்டும் விதிவிலக்கு. ஆகஸ்ட் 10இல் அந்தப் பருவம் தொடங்கும். இறங்கிய இடத்திலிருந்து கூடாரத்தை முதுகில் சுமந்து நாள்கணக்கில் மலையேற வேண்டும். அங்கே ஒவ்வொரு நூறு கிராமும் முழங்காலில் தெரியும். ஆனாலும் காற்றுக்கு நிற்காத கூடாரத்தை மலைமுகட்டுக்குக் கொண்டுபோவதில் அர்த்தமில்லை.

எந்த வடிவம் நல்லது?

போகும் இடத்தைச் சொல்லுங்கள், வடிவத்தைச் சொல்லிவிடலாம்.

கோடியாக் தீவு, அலாஸ்கா தீபகற்பம் ஆகியவை காற்றுக்குப் பேர்போனவை. மலைச் சரிவிலிருந்து எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் திடீரென்று கீழே பாய்ந்து அடிக்கும் காற்றை அங்கே வில்லிவா என்பார்கள். மழை நேராக விழாது, பக்கவாட்டில் வரும். இங்கே இரண்டு வகை மட்டுமே யோசிக்கத்தக்கவை. ஒன்று டனல் கூடாரம்: வளைந்த கம்பிகள் வரிசையாக நிற்க, குறைந்த எடையில் நிறைய இடம். வாலை, அதாவது தாழ்ந்த முனையை, காற்றுக்கு நேராக வைத்தால் அசையாமல் நிற்கும். ஆனால் காற்று திசைமாறிப் பக்கத்தில் அடித்தால் அழுந்தும், முளை பிடுங்கிக்கொண்டால் அப்படியே படுத்துவிடும். மற்றொன்று குவிமாடக் கூடாரம், குறிப்பாகக் கம்பிகள் பல இடங்களில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வகை. அரை கிலோ, ஒரு கிலோ கூடவே இருக்கும், ஆனால் எந்தத் திசைக் காற்றுக்கும் நிற்கும், ஈரப்பனியின் பாரத்தையும் தாங்கும், முளை இறங்காத பாறையிலும் தானே நிற்கும். காற்று எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாத இடத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அலாஸ்காவின் வடக்கே உள்ள ப்ரூக்ஸ் மலைத்தொடரின் வடக்குப் பக்கமும் மரமில்லாத வெட்டவெளிதான். ஆகஸ்ட் கடைசியிலேயே பனி விழலாம். அங்கும் இதே விதி.

மரங்கள் உள்ள உட்பகுதிக்கு, செப்டம்பரில் மூஸ் வேட்டைக்குப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். காற்று அவ்வளவு இருக்காது, விமானமும் பெரும்பாலும் பெரியதாக இருக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் பார்த்து வாங்குங்கள்: உள்கூடாரம் முழுக்க வலைத்துணியாக இருக்கக் கூடாது. பலத்த காற்றில் தூசியும் பொடிப்பனியும் வெளித்துணிக்கு அடியில் புகுந்து வலை வழியாக முகத்தில் வந்து விழும். வெளித்துணியும் உள்கூடாரமும் ஒன்றாகக் கோத்தபடி ஒரே நேரத்தில் எழும்பும் கூடாரம் இன்னும் நல்லது. கொட்டும் மழையில் அடித்தாலும் உள்ளே நனையாது. சுவீடனின் ஹில்லெபெர்க் கூடாரங்கள் அலாஸ்காவில் இவ்வளவு புழங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தரைத்துணி இல்லாத டீபியும் விறகு அடுப்பும் எப்படி?

நடுவில் ஒரே ஒரு கம்பம், கூம்பு வடிவம், தரை கிடையாது, டைட்டேனியம் தகட்டில் செய்த மடக்கு அடுப்பு. நான்கு பேருக்கான டீபி அடுப்போடு சேர்த்தே நான்கு கிலோ சொச்சத்தில் வந்துவிடும். நின்று உடை மாற்றலாம். சேற்றுப் பூட்ஸோடு உள்ளே வரலாம். ஒரு வாரம் மழையில் நனைந்தவனுக்கு, காலுறை காய்கிற அந்த ஒரு மணிநேரத்தை வேறு எந்தக் கூடாரமும் கொடுக்காது.

ஆனால் விறகு? மரம் இல்லாத தூந்திராவில் முழங்கால் உயர வில்லோ புதரைத் தவிர எரிக்க ஒன்றும் கிடைக்காது. அதுவும் ஈரமாக இருக்கும். அங்கே அடுப்பு வெறும் சுமைதான். ஸ்புரூஸ் மரங்கள் நிற்கும் இடத்துக்கு மட்டும் கொண்டுபோங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. டைட்டேனியம் மெல்லிய தகடு. சட்டென்று சூடாகும், சட்டென்று ஆறிவிடும். இரவு முழுவதும் கணகணப்பாக இருக்கும் என்று எண்ணி மெல்லிய ஸ்லீப்பிங் பேக்கோடு போகாதீர்கள். அடுப்பு எரியும்போது மேலே காற்றுப்போக்கி திறந்தே இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

காற்றில் டீபி எப்படி என்றால், விளிம்பு முழுதும் முளை அடித்து, பக்கக் கயிறுகளையும் இழுத்துக் கட்டினால் நன்றாகவே நிற்கும். சோம்பல்பட்டால் நிற்காது.

சில்நைலான், சில்பாலி, டைனீமா: எந்தத் துணி?

சில்நைலான் என்பது சிலிக்கான் ஊறவைத்த நைலான். கிழியாத பலம் அதற்கு அதிகம். ஒரு குறை, ஈரமானால் நீளும். மாலையில் மத்தளம்போல் விறைப்பாகக் கட்டிவிட்டுப் படுப்பீர்கள். நள்ளிரவில் மழை பிடித்ததும் துணி தொய்ந்து, ஓரத்தில் உள்கூடாரத்தைத் தொடும். தொட்ட இடத்தில் ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கம் நனையத் தொடங்கும். எழுந்து போய்க் கயிற்றை ஒருமுறை இறுக்கிவிட்டால் சரியாகிவிடும். அதற்குச் சோம்பினால் காலையில் பிழிய வேண்டியதுதான்.

பாலியஸ்டரில் செய்த சில்பாலி அவ்வளவாக நீளாது, நீரையும் குடிக்காது. அதே கனத்தில் பலம் சற்றுக் குறைவு. டைனீமா என்ற செயற்கை இழை கலந்த துணி நீளவே நீளாது, எடை மிகக் குறைவு, விலை மிக அதிகம். ஆனால் கூரான கல்லோ கிளையோ குத்தினால் ஓட்டை விழும். அடுப்பின் பொறி பட்டால் சுருங்கிப்போகும்.

விமானத்தில் போய் ஒரே இடத்தில் புயலுக்கு உட்காரப் போகிறவருக்கு நல்ல தரமான சில்நைலான்தான் என் தேர்வு. தொய்வு என்பது கையால் சரிசெய்யக்கூடிய குறை. கிழிசல் அப்படியல்ல.

வெறும் தார்ப்பாய் போதாதா?

வீடாக, போதாது. கூடவே ஒன்று கொண்டுபோக வேண்டும், அது வேறு விஷயம். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் சில்நைலான் தார்ப்பாய் அரை கிலோ அளவில்தான் இருக்கும். விமானத்தில் இறங்கியதும் சாமான் நனையாமல் மூடலாம், அதன் கீழ் சமைக்கலாம். எல்லாவற்றையும்விட, வேட்டை கிடைத்த பிறகு இறைச்சிக்குக் கூரை வேண்டும். அலாஸ்கா சட்டப்படி உண்ணத்தக்க இறைச்சியைக் கெடவிட்டாலோ விட்டுவிட்டு வந்தாலோ கடுமையான குற்றம். பெரிய மூஸ் ஒன்றில் 500 பவுண்டு, அதாவது 225 கிலோ வரை இறைச்சி தேறும். அதை மழை படாமல், காற்றோட்டமாக, நாள்கணக்கில் வைத்திருக்க வேண்டும். கூடாரத்தை ஆராய்கிறவர்கள் இந்தத் துணித்துண்டை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு பேர் போகிறோம். 'இருவர் கூடாரம்' போதுமா?

கூடாரக் கம்பெனிக்காரர்களின் கணக்கில் இரண்டு பேர் என்றால் தோளோடு தோள் உரசிப் படுத்திருக்கும் இரண்டு மெலிந்த மனிதர்கள், சாமான் ஏதும் இல்லாமல். மூவர் கூடாரம் எடுங்கள். தனியாகப் போனால் இருவர் கூடாரம். வாசலுக்கு முன்னால் மூடிய தாழ்வாரம் கட்டாயம் இருக்க வேண்டும். ஈரக் கோட்டு, பூட்ஸ், பை எல்லாம் அங்கேதான் கிடக்கும். இருபக்கமும் வாசல் இருந்தால் நடு இரவில் ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் போக வேண்டாம்.

முளை எப்படிப்பட்டது வேண்டும்?

கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். அவை புல்தரைக்கு ஆனவை.

தூந்திராவில் மேலே ஒரு சாண் பாசியும் வேரும் பஞ்சுபோல் இருக்கும். முளை வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும், அதே சுலபத்தில் வெளியேயும் வரும். நீளமான, குறுக்குவெட்டில் ஒய் வடிவம் கொண்ட அலுமினிய முளைகள் வேண்டும். முக்கியமான நான்கு மூலைகளுக்கு இரட்டை முளை அடிக்கலாம்.

சரளைத் திட்டில் கதை தலைகீழ். முளை இறங்கவே இறங்காது. அங்கே கல்தான் கை கொடுக்கும். இழுகயிற்றின் முனையில் பெரிய கண்ணியாக ஒரு வளையம் விட்டு, அதை உள்ளங்கை அளவுள்ள ஒரு கல்லில் மாட்டுங்கள். அந்தச் சிறுகல்லுக்கு முன்னால், கூடாரத்தின் பக்கமாக, இரு கையாலும் தூக்க வேண்டிய பெரிய கல்லைக் கயிற்றின் மேல் வையுங்கள். காற்று இழுக்க இழுக்கச் சிறுகல் பெரிய கல்லின் அடியில் போய் முட்டி நிற்கும். கயிற்றை நேராகப் பெரிய கல்லிலேயே சுற்றிக் கட்டினால் ஒவ்வொரு அசைவிலும் கல்லின் விளிம்பில் உரசி, விடிவதற்குள் அறுந்துவிடும். இந்த வேலைக்கு ஆளுக்குப் பத்து மீட்டர் உபரிக் கயிறு கொண்டுபோங்கள். எடை ஒன்றும் இல்லை.

எந்த இடத்தில் அடிப்பது?

விமானம் இறங்கிய சரளைத் திட்டு தட்டையாக, வசதியாகத் தெரியும். ஆனால் மேலே மலையில் ஒருநாள் மழை பெய்தால் அந்த ஆறு இரவோடு இரவாக ஏறும். பழைய வெள்ளம் ஒதுக்கிவிட்டுப் போன கட்டைகளும் சருகும் எந்த உயரத்தில் கிடக்கின்றன என்று பாருங்கள். அதற்கும் மேலே போங்கள். விமானம் ஓடும் பாதையையும் அதன் இரு முனைகளையும் விட்டு விலகி இருங்கள். உச்சிமேடு வேண்டாம், அடர்ந்த ஆல்டர் புதருக்குள்ளும் வேண்டாம், அது கரடி நடக்கும் வழி.

கரடி வந்தால் கூடாரம் என்ன செய்யும்?

ஒன்றும் செய்யாது. துணிதானே. பாதுகாப்பு வாசனையில்தான் இருக்கிறது. சமையலும் சாப்பாடும் இறைச்சியும் கூடாரத்திலிருந்து குறைந்தது 100 கஜம் தள்ளி, அதாவது 90 மீட்டருக்கு மேல். இறைச்சி வைத்த இடம் தூரத்திலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும், கரடி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் போகும் முன்பே பார்த்துவிடலாம்.

பேட்டரியில் ஓடும் மின்வேலி இப்போது இரண்டு கிலோ அளவிலேயே கிடைக்கிறது. பழுப்புக் கரடிகள் உள்ள இடத்துக்கு இந்த இரண்டு கிலோவை நான் கணக்குப் பார்க்க மாட்டேன். முதலில் இறைச்சியைச் சுற்றி, மிச்சம் இருந்தால் கூடாரத்தைச் சுற்றி.

கரடி ஸ்ப்ரே கொண்டுபோகிறீர்கள் என்றால் விமானியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே வெடித்தால் அவரால் ஓட்ட முடியாது. பெரும்பாலும் மிதவைக்குள்ளோ இறக்கைத் தாங்கியிலோ கட்டி எடுத்துப் போவார்கள்.

கூடாரம் என்ன நிறத்தில் இருக்க வேண்டும்?

எந்த நிறமும் சரி. மங்கலான பச்சை உள்ளே இருட்டாக இருக்கும், அடைமழை நாட்களில் மனசு சோர்ந்துபோகும். விமானி மேலிருந்து கண்டுபிடிக்க ஒரு ஆரஞ்சுத் துணி தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொசு?

ஆகஸ்டில் உண்டு. செப்டம்பர் உறைபனிக்குப் பிறகு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆகஸ்டில் தரையில்லாத டீபிக்குப் போகிறவர் உள்ளே தொங்கவிட ஒரு கொசுவலையும் எடுத்துக்கொள்ள வேண்டும், அதன் எடையையும் கணக்கில் சேர்த்து.

இறங்கிய அன்றே வேட்டைக்குப் போய்விட்டால், கூடாரத்தை மெதுவாக அடித்துக்கொள்ளலாமே?

முடியாது. விமானத்தில் பறந்த அன்று பெரிய விலங்குகளை வேட்டையாடக் கூடாது, மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பிறகுதான் என்பது அலாஸ்கா விதி. சில விதிவிலக்குகள் உண்டு. ஆக முதல் நாள் முழுவதும் கூடாரத்துக்குத்தான். நிதானமாக நல்ல இடம் தேடுங்கள்.

சட்டம் பேசுகையில் இதையும் சொல்லிவிடலாம். வேறு மாநிலத்து அமெரிக்கர்கள் பழுப்புக் கரடி, டால் செம்மறி, மலை ஆடு மூன்றுக்கும் உரிமம் பெற்ற வழிகாட்டியோடோ, அலாஸ்காவில் வாழும் நெருங்கிய உறவினரோடோதான் போக முடியும். வேறு நாட்டில் வசிக்கும் வெளிநாட்டவர் என்றால் எல்லாப் பெரிய விலங்குகளுக்கும் உரிமம் பெற்ற வழிகாட்டி வேண்டும். வழிகாட்டி வந்தால் கூடாரமும் அவரே தருவது வழக்கம், அதனால் வாங்கும் முன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சமையலுக்கான கேஸ் குப்பியை ஊரிலிருந்தே கொண்டுபோகலாமா?

பயணிகள் விமானத்தில் ஏற்ற விட மாட்டார்கள். ஆங்கரேஜிலோ ஃபேர்பேங்க்ஸிலோ இறங்கி வாங்கி, குட்டி விமானத்தின் விமானியிடம் சொல்லி ஏற்றுங்கள். கூடாரத்துக்குள் சமைப்பதைத் தவிருங்கள், கரடிக்காகவும் காற்றுக்காகவும்.

குறித்த நாளில் விமானம் வராவிட்டால்?

வராது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். மூடுபனியில் இரண்டு மூன்று நாள் தாமதம் சாதாரணம். கூடுதல் சாப்பாடு, கூடுதல் எரிபொருள், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறுகருவி. கடைசி நாள் காலையிலேயே கூடாரத்தைப் பிரித்துச் சுருட்டி வைத்துவிட்டு மழையில் உட்கார்ந்திருக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் கட்டிவையுங்கள். எஞ்சின் சத்தம் காதில் விழுந்த பிறகு கூடாரத்தைப் பிரித்தால் போதும். நல்ல கூடாரம் என்றால் ஐந்து நிமிட வேலை.

கம்பி உடைந்தாலோ துணி கிழிந்தாலோ?

கம்பி உடைந்தால் மேலே மாட்டும் அலுமினியக் குழாய்த் துண்டு ஒன்று, உபரிக் கம்பித் துண்டு ஒன்று, சிலிக்கான் துணியில் ஒட்டக்கூடிய பட்டை, ஊசி, கெட்டி நூல். எல்லாம் சேர்த்து 150 கிராம் வராது. சாதாரண ஒட்டுப்பட்டை சில்நைலானில் நிற்காது, சிலிக்கானுக்கென்று உள்ள பசையோ பட்டையோதான் பிடிக்கும். கடும் காற்றுள்ள இடத்துக்குச் சில கூடாரங்களில் ஒரே உறையில் இரட்டைக் கம்பி போட முடியும், வாங்கும்போதே கேளுங்கள்.

விலை அதிகமாக இருக்கிறதே?

ஆமாம், நல்லது ஆயிரம் டாலரைத் தாண்டும். ஒரே ஒருமுறை போகிறவர் வாடகைக்கு எடுக்கலாம். சில ஏர் டாக்ஸி நிறுவனங்களும் முகாம் சாமான் வாடகைக்குத் தருகின்றன. ஆனால் வாடகைக் கூடாரத்தை விமானம் ஏறும் முன்பே ஒருமுறை முழுதாக அடித்துப் பாருங்கள். முளைகளை எண்ணுங்கள், கம்பிகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பாருங்கள், ஜிப்பை முனைக்கு முனை ஓட்டிப் பாருங்கள். குறை இருந்தால் மாற்றிக்கொள்ள அதுதான் கடைசி இடம்.

திரும்பி வந்த பிறகு?

விரித்துக் காயவையுங்கள். ஈரத்தோடு பைக்குள் திணித்து வைத்த கூடாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், பாலியூரித்தேன் பூச்சு உள்ள தரைத்துணி நாளடைவில் பிசுபிசுத்து உரியும். ஜிப்பின் பற்களில் இருக்கும் ஆற்றுமணலைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள், கம்பி முனைகளையும் துடைத்துவிட்டு, பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள்.